உப்புக்காற்று ஊரில் ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி?

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் வேகத்தைப் பிறகு பார்க்கலாம். ஒரு பாகம் போனால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா? முதல் கேள்வி இதுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உள்ளே படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், ரேம் ஸ்லாட் இரண்டும்தான் முதலில் அடி வாங்கும்.

அதனால் இடத்தை அடைக்காத குட்டி மாடல்கள் வேண்டாம். பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். போனால் அதே பாகம் வரும்வரை பில் போட முடியாது. மைக்ரோ ஏடிஎக்ஸ், ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுகளில் வரும் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ள சாதாரண டவர் என்றால் எந்தக் கம்பெனி பாகத்தையும் வாங்கி மாட்டலாம்.

டாலி, எக்செல், பிரவுசருக்கு இன்டெலின் 12ஆம் தலைமுறை ஐ3 பிராசசர் தாராளம். 12, 13, 14 மூன்று தலைமுறைக்கும் பிராசசர் உட்காரும் இடம் ஒரே எல்ஜிஏ 1700 சாக்கெட்தான் என்பதால், போர்டு ஏற்றுக்கொண்டால் பிறகு ஐ5 மாட்டிக்கொள்ளலாம். பெயர் 'எஃப்' என்று முடியும் பிராசசரை வாங்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது. ரேம் 16 ஜிபி, ஒரே ஸ்டிக்காக. இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும். எல்லா மெஷினிலும் டிடிஆர்4 அல்லது எல்லாவற்றிலும் டிடிஆர்5 என்று ஒரே வகை போடுங்கள். கலந்து வாங்கினால் அவசரத்துக்கு ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் போட முடியாது. 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழைய மெஷின் வாங்கினால் இன்டெலில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம்; விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை.

யுபிஎஸ்ஸைக் கடையிலேயே சோதியுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் அந்த ஜோடி சரிப்படாது. சில எஸ்எம்பிஎஸ்கள் மலிவு யுபிஎஸ் தரும் கரடுமுரடான மின் அலையில் நிற்காது.

டவரைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கடல் பார்த்த ஜன்னலை விட்டு விலக்கி வையுங்கள். மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் ஆபீஸைப் பூட்டிப் போட்டால், திறக்கும் நாளில் டிஸ்ப்ளே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்கலாம். வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்சூடு ஈரத்தை விரட்டும். அப்படியும் பீப் சத்தம் வந்துவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும், பிறகு அந்த ரேம் தேறாது. தேதி பின்னோக்கிப் போய் ஜிஎஸ்டி தளம் திறக்காவிட்டால், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

ஐந்து மெஷினுக்கு ஓர் எஸ்எம்பிஎஸ், ஒரு ரேம் வீதம் உபரியாக வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.