கணினியில் பாடும் எம்பி3 டிஸ்க் கார் பிளேயரில் பாடாவிட்டால்

கணினியிலும் டிவிடி பிளேயரிலும் நன்றாகப் பாடிய எம்பி3 டிஸ்க்கை, கார் பிளேயர் கொஞ்ச நேரம் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. காரணம், அது சிடி-ஆர்டபிள்யூ, அதாவது அழித்து மீண்டும் எழுதக்கூடிய டிஸ்க். அந்த வகை டிஸ்க்கிலிருந்து லேசர் ஒளி சாதாரண சிடியைவிட மிகக் குறைவாகவே திரும்பும். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு அது போதாது.

சரி என்று ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி-ஆரில், கோப்புகளை அப்படியே வைக்கும் டேட்டா டிஸ்க்காக, ஐஎஸ்ஓ 9660 என்ற பொதுவான கோப்பு அமைப்பு முறையில், செஷனை மூடி (எழுதும் வேலையை முடித்து வைத்து) எழுதினேன். உடனே படித்தது. ஆனால் நடுவில் சில பாடல்களைத் தாண்டிப் போனது. பார்த்தால் அவை எம்4ஏ என்ற வேறு ஒலி வடிவக் கோப்புகள். கோப்புப் பெயரின் வாலை (.m4a என்பதை .mp3 என்று) மாற்றினால் மட்டும் போதாது, கோப்பையே எம்பி3 ஆக மாற்ற வேண்டும். மாற்றினேன், எல்லாம் பாடின. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவில் ஒரே 700 எம்பி டிஸ்க்கில் 12 மணி நேரத்துக்கு மேல் பாட்டு!