மழையில் மகளோடு மான் வேட்டை: விஸ்கான்சினில் முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அக்டோபர் மாதம் இரண்டு நாள் இளையோர் மான் வேட்டை நடக்கும். 15 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பெரியவர் துணையோடு துப்பாக்கி எடுத்துப் போகலாம். இருப்பதே இரண்டு நாள், மழை என்று வீட்டில் உட்கார மனம் வராது. நானும் என் 11 வயது மகளும் போன வருடம் மேடிசனுக்கு மேற்கே ஒரு நண்பரின் பண்ணையில் இரண்டு நாளும் தூறலில்தான் உட்கார்ந்திருந்தோம். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: லைசென்ஸ்

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் என்றால் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடிக்க வேண்டும். பிள்ளை இன்னும் முடிக்கவில்லையா? வழிகாட்டியோடு போகும் முறை இருக்கிறது. லைசென்ஸ் உள்ள, 18 வயது நிரம்பிய ஒருவர் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே அமெரிக்கச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு. ஆகவே லைசென்ஸ் கைக்கு வரும்வரை துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

படி 2: உடை

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், சிறு பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் மழைக்கோட்டு. மலிவான பிளாஸ்டிக் கோட்டு சரசரவென்று சத்தம் போடும், மானுக்குக் கேட்டுவிடும்.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: ஆரஞ்சு வெஸ்ட்டைப் போட்டு, மழை வந்ததும் அதன்மேல் கோட்டை மாட்டிவிடுவார்கள். இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வெஸ்ட் கோட்டுக்கு மேலேதான் வர வேண்டும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாற்று சாக்ஸும் கையுறையும் ஜிப்லாக் பையில் இருக்கட்டும். ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உட்காரும் இடம்

மழையில் பரண் வேண்டாம், ஏணிப்படி வழுக்கும். கூரையுள்ள தரைக்கூடாரம் போதும். பிள்ளையின் கால் தரையில் பதியும் உயரத்தில் ஸ்டூல் போடுங்கள். கனமழையில் மான் பெரும்பாலும் படுத்துக்கிடக்கும்; தூறலிலும், மழை விட்ட உடனேயும் மேய வெளியே வரும். இடி கேட்டால் உடனே காருக்கு. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடமாவது காத்திருங்கள். இடியே இல்லாவிட்டாலும் பிள்ளை நடுங்க ஆரம்பித்தால் அன்றைய வேட்டை முடிந்தது. அதில் பேரம் பேசக் கூடாது.

படி 4: துப்பாக்கி

உதைப்பு குறைவான ரைஃபிள் எடுங்கள். நாங்கள் வைத்திருப்பது 243 வின்செஸ்டர். குழல் வாயில் தண்ணீர் இறங்காமல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். தோட்டாவுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு மூடி போடுங்கள், துடைக்கும்போது வாயால் ஊதாதீர்கள், ஆவி படியும். அப்புறம் இருவருக்கும் காதுக்கவசம்.

நான்கு விதிகளைப் பிள்ளை தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்: எந்தத் துப்பாக்கியும் தோட்டா ஏற்றியதுதான், குழல் பாதுகாப்பான பக்கமே பார்க்கும், குறியும் அதற்குப் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும், சுடும்வரை டிரிகர் வளையத்துக்குள் விரல் போகாது.

படி 5: சுடுவதா, விடுவதா

மழை இரத்தத் தடத்தைக் கழுவிவிடும். அடிபட்ட மான் புதருக்குள் போய்விட்டால் அதைக் கண்டுபிடிக்க முடியாமலே போகலாம், அது வலியோடு கிடக்கும். அதனால் மழையில் எங்கள் எல்லை 60 கஜம். அதற்குள் வந்து, பக்கவாட்டில் நின்று, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்புப் பகுதி முழுதாகத் தெரிந்தால் மட்டுமே சுடலாம்.

முதல் நாள் மாலை ஒரு பெண்மான் வந்தது. 90 கஜம் இருக்கும், எங்களைப் பார்த்தபடி நின்றது.

"அப்பா, சுடட்டுமா?"

"வேண்டாம்மா. தூரம் அதிகம். விட்டுரு."

அவள் விரலை எடுத்து, துப்பாக்கியின் சேஃப்டி பூட்டைச் சரிபார்த்தாள். மான் நாய்மாதிரி உடம்பை உதறியது, முதுகிலிருந்து தண்ணீர் பூவாகத் தெறித்தது. அது போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் வேட்டைக்காரி ஆனது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் 40 கஜத்தில் வாய்ப்பு வந்தது, சுட்டாள். வழக்கமாக அரைமணி நேரம் காத்திருந்துதான் தேடுவோம். மழையில் அவ்வளவு நேரம் தடம் தாங்காது. சுட்டபோது மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த மரத்தையும் பிள்ளையைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஓர் ஓக் இலையில் இளஞ்சிவப்பு நுரை இருந்தது. நுரை என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. நாங்கள் குனிந்து பார்க்கும்போதே தூறல் அதைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடையாளத்திலும் ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டே போனோம். ஐம்பது அடி தள்ளி மான் கிடந்தது.

படி 6: அப்புறம்

மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் ஆன்லைனிலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். 2002 முதல் இம்மாநில மான்களில் சிடபிள்யூடி என்ற மூளைநோய் இருக்கிறது. மாநில இயற்கை வளத் துறை இலவசமாகச் சோதித்துத் தருகிறது. முடிவு வரும்வரை கறியை ஃபிரீசரில் வையுங்கள், சமைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பிள்ளைக்கு வெந்நீர்க் குளியல். பிறகு ரைஃபிளை ஈர உறையிலிருந்து எடுத்து, தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து, குழலுக்குள்ளும் துடைத்து, எண்ணெய் பூசி வையுங்கள். ஒரே இரவில் துருப்பிடிக்கும்.