இஎல்84 வால்வு சிவக்காமல் இருக்க ஒரு பயாஸ் கணக்கு

ஒற்றை இஎல்84 வால்வில் (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்) ஆடியோ ஆம்ப் ஒன்றைக் கட்டி முடித்து, அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன். பிளேட்டின் (எலக்ட்ரான்களை வாங்கும் உலோகத் தகடு) நடுவே மங்கலாக ஒரு சிவப்பு. ஹீட்டர் வெளிச்சம்தான் என்று இரண்டு நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

டேட்டாஷீட்டில் பிளேட் வோல்டேஜ் 300, கேத்தோட் (எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) கரண்ட் 65 மில்லிஆம்பியர் என எல்லை போட்டிருக்கும். என்னுடையது 290 வோல்ட், 61 மில்லிஆம்பியர். இரண்டும் உள்ளேதான். நான் பார்க்காமல் விட்டது இன்னொரு வரி: பிளேட் தாங்குவது 12 வாட்.

முதலில் ஸ்கிரீனுக்கு (கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள கம்பி வலை, 9-ஆம் பின்) போகும் வயரில் 1 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். ஸ்கிரீன் தாங்குவது 2 வாட்தான் என்பதால் அது ஒரு பாதுகாப்பு. அதைவிட, அதன் குறுக்கே எத்தனை வோல்டோ அத்தனை மில்லிஆம்பியர் ஸ்கிரீன் கரண்ட். தனி மீட்டரே வேண்டாம்.

அப்புறம் சிக்னல் கொடுக்காமல், ஸ்பீக்கரை மாட்டியபடியே (அது இல்லாமல் ஆன் செய்யவே கூடாது), கேத்தோட் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து பாருங்கள். பயாஸை, அதாவது சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்டை, நிர்ணயிப்பது இந்த ரெசிஸ்டர்தான். மீட்டர் முனைகளைக் கையில் பிடிக்காதீர்கள். பவரை அணைத்து, கெப்பாசிட்டரின் சார்ஜ் இறங்கியபின் முதலைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். எனக்கு 135 ஓமில் 8.2 வோல்ட் வந்தது. அதாவது சுமார் 61 மில்லிஆம்பியர். இது முழுக்கப் பிளேட்டின் கரண்ட் அல்ல, ஸ்கிரீனுடையதும் இதில் கலந்திருக்கிறது. ஸ்கிரீன் ரெசிஸ்டரில் அளந்த 6 போனால் 55. வோல்டேஜையும் தரையிலிருந்து (கிரவுண்ட்) எடுக்காமல் கேத்தோடிலிருந்து எடுக்க வேண்டும்: 290-இல் 8 போக 282. பெருக்கினால் பதினைந்தரை வாட். சிவக்காமல் என்ன செய்யும்?

அந்த 135 ஓம், 250 வோல்ட் சப்ளைக்கான மதிப்பு. கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டிருந்தேன். 220 ஓமாக மாற்றியதும் கேத்தோடில் 9.9 வோல்ட், மொத்தம் 45 மில்லிஆம்பியர். ஸ்கிரீனின் 4.6 போக, பிளேட்டில் பதினொன்றரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்சேர்க்கை: கேத்தோட் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நிலையான பயாஸுக்கு (கிரிட்டுக்குத் தனி நெகட்டிவ் வோல்டேஜ் கொடுப்பது) மாறிய ஒருவருக்கு, கரண்ட் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனதாம். கிரிட் லீக்கை, அதாவது சிக்னல் வரும் கிரிட்டில் மாட்டியிருக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். கேத்தோட் பயாஸில் 1 மெகாஓம் வரை போகலாம், நிலையான பயாஸில் 300 கிலோஓம்தான். அவர் பழைய 1 மெகாஓமை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார்.