கராஜ் ராக் குழுவின் வேகத்தை இசைத்தட்டில் பிடிப்பது எப்படி

மேடையில் கேட்பவர்களை இருக்கையில் அமரவிடாத ஒரு கராஜ் ராக் (பட்டை தீட்டாத, முரட்டுத்தனமான எளிய ராக் இசை) குழு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் சோர்ந்து ஒலிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் குழுவின் முதல் பதிவும் அப்படித்தான் ஆயிற்று. டிரம்ஸை ஒரு நாள், பாஸ் கித்தாரை மறுநாள், குரலை அடுத்த வாரம் எனத் தனித்தனியாகப் பதிவு செய்தோம். ஒரு பிழையும் இல்லை, உயிரும் இல்லை. வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டுகள் என்ற கணக்கு மட்டுமல்ல. டிரம்மர் ஒரு கணம் முந்தும்போது கித்தார்காரர் அவரைத் துரத்திப் பிடிப்பதும், அதைக் கேட்டுப் பாடகர் குரலை உயர்த்துவதும் சேர்ந்தே அந்த உணர்வை உண்டாக்குகின்றன. எனவே அனைவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்வதே இந்த இசைக்கு ஏற்ற முறை.

இதற்குச் சிறந்த பாடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரத்துக் குழுவான ‘தி சோனிக்ஸ்’. 1965-இல் வெளியான அவர்களுடைய முதல் இசைத்தட்டு, சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளரின் கூடத்தில், இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவியில், டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக்கை வைத்துப் பதிவானது. அடுத்த ஆண்டு வந்த ‘பூம்’ தட்டுக்காக வேறொரு கூடத்துக்குச் சென்றபோது, ஒலி இன்னும் துடிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்புப் பொருளையே அவர்கள் பிய்த்தெடுத்தார்கள். நீங்கள் சுவரைப் பிய்க்க வேண்டாம். ஆனால் மெத்தைகளாலும் கனத்த திரைகளாலும் அறையை மூச்சடைக்கச் செய்துவிடாதீர்கள். ஓரளவு எதிரொலிக்கும் அறை, சிறிய டிரம்ஸையும் பெரிதாகக் காட்டும்.

பதிவுக்கு முன்பே பாடல்களை மனப்பாடமாக வாசிக்கப் பழகியிருக்க வேண்டும். கிளிக் டிராக் (வேகம் மாறாமலிருக்க ஹெட்போனில் ஒலிக்கும் தாளத் தட்டு) வேண்டாம் என்பதே என் கருத்து. இறுதிப் பல்லவியில் வேகம் சற்றே கூடுவது இந்த இசையில் குறையாகாது.

அறைக்குள் முதலில் டிரம்ஸுக்கு இடம் பாருங்கள், ஏனெனில் மற்ற எல்லாம் அதன் சத்தத்தை ஒட்டியே அமைய வேண்டும். மூலையைத் தவிர்த்து, டிரம்மரை மற்றவர்கள் கண்ணுக்குக் கண் பார்க்கும்படி அமர்த்துங்கள். பிறகு ஒரே ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு ஒருவர் டிரம்ஸைச் சுற்றி மெதுவாக நடக்க, மற்றொருவர் அடுத்த அறையில் ஹெட்போன் மாட்டிக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் சிம்பல் (உலோகத் தட்டு) காதைக் கிழிக்கும், இன்னோரிடத்தில் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) காணாமல் போகும். எங்களுக்கு டிரம்மரின் வலது தோளுக்கு மேலே, ஸ்நேரை (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்மை) நோக்கிச் சாய்ந்திருந்த ஓர் இடத்தில் சிம்பல், கிக், ஸ்நேர் மூன்றும் ஒன்றாகக் கூடின. ஒரு சாண் நகர்த்தியதும் அது கலைந்துவிட்டது. அந்த இடம் கிடைக்கும் வரை பொறுமையாகத் தேடுங்கள், அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. கிக் டிரம்முக்கு முன்னால் இரண்டாவது மைக் ஒன்று வைத்தால் போதும்.

கித்தார் ஆம்ப்களின் (ஒலிபெருக்கிகளின்) சத்தத்தை டிரம்ஸுக்கு இணையாக மட்டும் வையுங்கள். சிறிய ஆம்பை அதன் எல்லை வரை ஓட்டினால் கிடைக்கும் கரகரப்பு, பெரிய ஆம்பைப் பாதிச் சத்தத்தில் வைத்தால் கிடைக்காது. ஒரு மைக்கில் மற்றொரு கருவியின் ஒலி கசிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு தேவை: ஒரு மைக்குக்கும் அதன் கருவிக்கும் உள்ள தூரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருந்தால், ஒலிகள் ஒன்றையொன்று அழிக்காமல் தெளிவாகக் கூடும். பாடகரின் மைக்கின் முதுகுப்புறம் டிரம்ஸைப் பார்க்கட்டும், ஏனெனில் மேடைகளில் வழக்கமாகப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் பின்னாலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். கத்தும் இடங்களில் பாடகர் ஓரடி பின்வாங்கப் பழக வேண்டும். கணினியில் பதிவு செய்தால் உச்ச அளவு மைனஸ் 10 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். அளவு மீறும்போது ஒலிநாடா தரும் இனிய முறிவைக் கணினி தராது.

ஒவ்வொரு பாடலுக்கும் மூன்று டேக்குகளுக்கு (பதிவு முயற்சிகளுக்கு) மேல் எடுக்காதீர்கள். நான்காவதில் கைகள் சரியாக வாசிக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். தேர்ந்தெடுக்கும்போது பிழைகளை எண்ணாமல், எந்த டேக் முடிந்ததும் அறையில் இருந்தவர்கள் தாங்களாகவே சிரித்தார்களோ அதை எடுங்கள். 1963-இல் போர்ட்லண்டில் ‘தி கிங்ஸ்மென்’ குழு ஏறக்குறைய 50 டாலர் செலவில் ‘லூயி லூயி’ பாடலைப் பதிவு செய்தபோது, கித்தார் தனிவாசிப்பு முடிந்ததும் பாடகர் ஜாக் எலி ஓரிரு கணம் முன்பாகவே அடுத்த சரணத்தைத் தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்; டிரம்மர் ஓர் உருட்டலால் அந்த இடைவெளியை நிரப்பினார். அந்தப் பிழை அப்படியே வெளியாகி உலகெங்கும் ஒலித்தது. அந்த ஓர் இடத்தைத் திருத்தியிருந்தால், ஐந்து பேரும் ஒரே அறையில் நின்று ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்ட கணம் நமக்குக் கிடைத்திருக்காது.

பதிவான ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் செய்ய வேண்டியது குறைவு. முதலில் மோனோவில் (இடம் வலம் என்ற பிரிவில்லாத ஒற்றை ஒலியாக) கலந்து பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து எல்லாம் முட்டி மோதி வரும்போது கூடும் அழுத்தம், இடம் வலமாகப் பிரித்தால் தளர்ந்துவிடும். சோனிக்ஸ் குழுவினர் 2015-இல் மீண்டும் ஒரு புதிய தட்டு வெளியிட்டபோதும் மோனோவையே தேர்ந்தார்கள்.

வினைல் இசைத்தட்டாக வெளியிடுவதானால் நீளத்தையும் வரிசையையும் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 33 முறை சுழலும் தட்டில் ஒரு பக்கம் நீள நீள, வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலியைக் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும். பக்கத்துக்கு 14 அல்லது 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டால் உரக்க வெட்டலாம். ஊசி மையத்தை நெருங்கும்போது உச்சத் தொனிகள் மங்கி, சற்றுச் சிதையவும் செய்யும். ஆகவே சிம்பலும் கூச்சலும் மிகுந்த பாடலைப் பக்கத்தின் கடைசியில் வைக்காமல் முதலில் வையுங்கள். மாதிரித் தட்டு கைக்கு வந்ததும், இரு பக்கங்களின் கடைசிப் பாடலையும் கேட்டுப் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.