ஜெர்மனியில் சம்பளத்தோடு பிஎச்.டி.: இடம் தேடுவது எப்படி?

"எந்தப் பல்கலைக்கழகத்தில் எப்போது அட்மிஷன்?" என்று தேட ஆரம்பித்தால் ஜெர்மனியில் பல இடங்கள் கண்ணிலேயே படாது. அங்கே அறிவியல் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. ஆகவே நாம் தேட வேண்டியது வேலை விளம்பரத்தை.

1. தகுதியைப் பாருங்கள். பொதுவாக முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலையோடு சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் சில உண்டு, குறைவுதான். உங்கள் பல்கலைக்கழகத்தை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்பதை 'அனபின்' தளத்தில் பார்க்கலாம். ஹெச்+ (அங்கீகாரம் பெற்ற நிறுவனம்) என்றிருந்தால் நல்லது.

2. விளம்பரங்களைத் தேடுங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி நடத்தும் 'பிஎச்டி ஜெர்மனி', 'அகாடமிக்ஸ்', 'யூராக்ஸெஸ்' ஆகிய மூன்று தளங்களையும் பாருங்கள், மின்னஞ்சல் அலர்ட் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிட்ஸ் ஆகிய ஆய்வு நிறுவனங்களையும் விடாதீர்கள். ஆய்வு அங்கே நடக்கும், பட்டத்தை ஒரு பல்கலைக்கழகம் தரும்.

3. விளம்பரத்தைச் சரியாகப் படியுங்கள். 'டிவி-எல் இ13, 65%' என்று இருந்தால், இ13 என்பது மாநில அரசுகளின் சம்பள விகிதத்தில் ஒரு நிலை. 65% என்பது ஒப்பந்தப்படி முழுநேர வேலையில் உங்கள் பங்கு. சம்பளமும் அந்த அளவுக்குத்தான். ஆனால் லேபில் 65 சதவீதத்தோடு யாரும் எழுந்து போவதில்லை! வரி, காப்பீடு பிடித்ததுபோகத்தான் கைக்கு வரும். 'கென்ஸிஃபர்' (விளம்பரத்தின் குறிப்பு எண்) என்று ஓர் எண் இருந்தால் அதை மின்னஞ்சல் தலைப்பில் போடுங்கள்.

4. விளம்பரம் வரும் முன்பே பணம் எங்கே என்று பாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். ஜெர்மன் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜி, தான் நிதி தரும் திட்டங்களை 'கெப்ரிஸ்' என்ற தளத்தில் போட்டுவைக்கிறது. உங்கள் துறைச் சொல்லைத் தட்டுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டிலிருந்து, எதைப் பற்றி என்று எல்லாம் வரும். சமீபத்தில் தொடங்கிய திட்டம் என்றால், ஆள் எடுக்க வாய்ப்பு அதிகம். 'கிராடுயீர்டென்கொலெக்' என்ற பிஎச்.டி. குழுமங்களைத் தனியாகப் பாருங்கள். அவற்றில் ஒரே சமயத்தில் பலரை எடுப்பார்கள்.

5. பேராசிரியருக்கு எழுதுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்..." என்று ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குத்தான். பெயரைச் சொல்லி அழையுங்கள். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த முடிவு உங்கள் முதுகலை ஆய்வோடு தொடுகிறது, உங்களுக்குக் கைவந்த கருவி அல்லது மென்பொருள் எது என்பதைப் பத்து வரிக்குள் சொல்லுங்கள். சிவி, மதிப்பெண் பட்டியல், பரிந்துரைப்பவர்களின் விவரம் மூன்றும் ஒரே பிடிஎஃப்பில் இருக்கட்டும்.

6. நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, நீட்டிப்பு உண்டா, பாடம் நடத்த வேண்டுமா? லேபில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச முடியுமா என்றும் கேட்கலாம். தயங்க வேண்டாம், அங்கே அது சகஜம். வேலை உறுதியானபின், பிஎச்.டி. மாணவராகத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட வேறு விண்ணப்பம் உண்டு. அதற்கான சான்றிதழ்களை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.