'ஒட்' (odd) என்று வந்தால் முதலில் சோடியைத் தேடுங்கள்

என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு 'ஒட்' என்றால் ஒரே விடைதான்: விசித்திரமான. போன கிழமை ஒரு பெடியன் 'ஒட் சொக்ஸ்' என்பதை 'விசித்திரமான மேஸ்' என்று எழுதியிருந்தான். அந்தக் கதையில் ஒரு கால் மேஸ் நீலம், மற்றது கறுப்பு. சோடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அகராதியைத் திறக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் சோடி எங்கே?

ஒருமுறை எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், என் செருப்பு ஒன்று, யாருடையதோ ஒன்று. இரண்டும் இடது கால். வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு கோட்டை வாசல்வரை இழுத்து இழுத்து நடந்தேன். கோட்டைக்குள் திரியும் மான்கள் கண்டுகொள்ளவில்லை, மனிதர்கள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். செருப்பு பழைய கருத்தில் ஒட். பார்த்தவர்களுக்கு நான் புதிய கருத்தில் ஒட்.

சொல்லும் அந்த வழியாகத்தான் வந்தது. ஸ்கண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியில் 'ஒட்டி' என்றால் நிலமுனை, கோணம். (எங்கள் ஊர்ப் பெயரிலேயே கோணம் இருப்பதால் பிள்ளைகளுக்கு இது மறக்காது.) முக்கோணத்தின் மூன்றாவது முனை சோடியில்லாமல் நிற்கிறது அல்லவா? அதிலிருந்து ஒற்றை எண் வந்தது. இரண்டு பேர் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்லும் மூன்றாம் ஆளுக்கும் அந்த மொழியில் இதே சொல்லை வைத்துத்தான் பெயர். ஆங்கிலத்துக்குள் 1300 அளவில் எண்ணாக நுழைந்த சொல்லுக்கு, விசித்திரம் என்ற கருத்து 1580களில்தான் வந்தது.

சரி, மிச்சத்தைப் பார்ப்போம். 'ஒட் நம்பர்' ஒற்றை எண். 'ஒட் ஜொப்ஸ்' சில்லறை வேலைகள். 'தேர்ட்டி-ஒட்' முப்பது சொச்சம். இதில் நடுவிலுள்ள சிறு கோடு (-) விடுபடக் கூடாது, விடுபட்டால் முப்பது சொச்சம் மீனவர்கள் முப்பது விசித்திர மீனவர்களாகிவிடுவார்கள்.

சோடியைத் தேடியும் ஒன்றும் அகப்படாவிட்டால் அது உண்மையிலேயே விசித்திரம்தான். அப்போதும் அந்தப் பெரிய சொல் பெரும்பாலும் தேவைப்படாது. அடுப்பங்கரையில் ஒட் மணம் வந்தால் 'ஒரு மாதிரி மணம்' என்றாலே போதும். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி 'அவ ஒரு மாதிரி' என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் இல்லாத பழியைத் தமிழில் சுமத்திவிடுவீர்கள்.