ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல்: ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

நண்பர் ஒருவர் எழுதிய பாரிஸ் பயணக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தேன். அதில் ‘ஓத்தெல் த வீல் என்ற பிரம்மாண்டமான தங்கும் விடுதி’ என்று ஒரு வரி இருந்தது. அது விடுதியே இல்லை, பாரிஸ் மாநகராட்சிக் கட்டடம். பெயரில் ஹோட்டல் இருக்கிறது, கட்டடமும் அரண்மனை மாதிரி நிற்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரெஞ்சில் ‘ஓத்தெல்’ என்பது வாடகைக்கு அறை தருகிற இடம் ஆவதற்கு முன்னாலேயே பெரிய மனிதர்களின் மாளிகை, பொதுக் கட்டடம் எல்லாவற்றுக்கும் பெயராக இருந்தது, இன்றும் அந்தப் பழைய பொருள் போய்விடவில்லை. பிரான்ஸ் பிரதமரின் இல்லம் ஓத்தெல் மத்தீன்யோன். 1670-இல் மன்னர் 14-ஆம் லூயி போரில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்காகக் கட்டச் சொன்னது ஓத்தெல் தெஸ் அன்வலீத், நெப்போலியனின் கல்லறை இப்போது அங்கேதான். நோத்ர தாம் தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கிற ‘ஓத்தெல் தியூ’வைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கடவுளின் ஹோட்டல்’ என்று வரும், அது ஆஸ்பத்திரி!

அடுத்த தவறு, ஹோட்டலைச் சுருக்கித்தான் ஹாஸ்டல் வந்தது என்று நினைப்பது. நடந்தது தலைகீழ். விருந்தினருக்கான இடத்தைக் குறித்த ‘ஹாஸ்பிடாலே’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘ஹொஸ்தெல்’ ஆனது, அதை பிரான்சிலிருந்து நார்மன்கள் இங்கிலாந்துக்கு வந்த பிறகு, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில், ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களோ நடுவில் இருந்த ‘ஸ்’ ஒலியை விட்டுவிட்டார்கள். அப்படித் தேய்ந்த பிறகு, 17-ஆம் நூற்றாண்டில், அதே சொல்லை ஆங்கிலம் இரண்டாவது தடவை கடன் வாங்கியது, அதுதான் ஹோட்டல். சுமார் நானூறு வருஷ இடைவெளியில் ஒரே கடையில் ஒரே சரக்கை இரண்டு முறை வாங்கியிருக்கிறார்கள். இரண்டுமே ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து, ஒன்று மாணவர்கள் தங்குகிற இடமாகவும் இன்னொன்று இட்லி கிடைக்கிற இடமாகவும் ஆகிவிட்டன.

காணாமல் போன அந்த ‘ஸ்’ஸுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. பிரெஞ்சில் ஓத்தெல் எழுதும்போது ‘ஓ’ தலையில் ஒரு சின்னக் கூரை போடுவார்கள். ஒலிக்காத ‘ஸ்’ஸைப் பல சொற்களின் எழுத்திலிருந்தும் எடுத்துவிட்டு இப்படிக் கூரை போடுவதைப் பிரெஞ்சு அகாதமியின் அகராதி 1740 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. அதனால் கூரையைக் கண்டால் உள்ளே ஒரு ‘ஸ்’ போட்டுப் பாருங்கள்: ஓப்பிதால் ஹாஸ்பிடல் ஆகும், ஃபொரே ஃபாரஸ்ட் ஆகும், கோத் கோஸ்ட் ஆகும். பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். ஆனால் எல்லாக் கூரைக்கும் கீழே ‘ஸ்’ இருந்தது என்று நம்பிவிடாதீர்கள், ‘ரோல்’ என்ற சொல்லுக்கும் வயதைக் குறிக்கும் ‘ஆஜ்’ என்ற சொல்லுக்கும் கூரை உண்டு, ‘ஸ்’ ஒருநாளும் இருந்ததில்லை.

மொழிபெயர்ப்பில் நான் அதிகம் பார்க்கிற தவறு ஹாஸ்பிடல் விஷயத்தில்தான். பழைய ஐரோப்பிய வரலாற்றில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் ‘மருத்துவமனை’ என்று எழுதிவிடுகிறார்கள். யாத்திரிகர், ஏழை, அநாதை, வயதானவர், நோயாளி என்று போக்கிடம் இல்லாத எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற இடமாகத்தான் அது இருந்தது, வைத்தியம் அதில் ஒரு பகுதி. இங்கிலாந்தில் 1552-இல் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் இன்றைக்கும் பள்ளிக்கூடம். லண்டனில் செல்சீயில் இருக்கிற ராயல் ஹாஸ்பிடல் வயதான படைவீரர்களின் இல்லம். இதையெல்லாம் மருத்துவமனை என்று எழுதினால் படிக்கிறவர் அங்கே டாக்டரைத் தேடுவார். சத்திரம், அறச்சாலை, இல்லம் என்று இடத்துக்கு ஏற்ற சொல் தமிழில் தாராளமாக இருக்கிறதே.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். ‘ஹோட்டல் என்றால் தங்குமிடம்தான், சாப்பாட்டுக் கடையை அப்படிச் சொல்வது தப்பு’ என்று திருத்துவார்கள். எனக்கு இது பிடிப்பதே இல்லை. மாளிகையையும் ஆஸ்பத்திரியையும் ஓத்தெல் என்று பிரெஞ்சுக்காரர் சொல்லலாம், நாம் மட்டும் ஹோட்டலில் சாப்பிடக் கூடாதா? நம் ‘விருந்து’ மட்டும் என்ன, முதலில் புதுமை, அப்புறம் புதிதாக வீட்டுக்கு வந்தவர், இன்றைக்கு இலையில் பரிமாறுகிற சாப்பாடு. வேர்ச்சொல் தெரிவது நல்லது, அதை வைத்து நடப்பு வழக்கைத் தண்டிக்கக் கூடாது.

கடைசியாக, இந்தக் குடும்பத்திலேயே சிக்கலான பிள்ளை ‘ஓத்’. பிரெஞ்சில் விருந்தளிப்பவரும் ஓத், விருந்துக்கு வந்தவரும் ஓத். லத்தீனில் ‘ஹாஸ்பெஸ்’ஸுக்கே இரண்டு பொருளும் இருந்தன, அது அப்படியே தொடர்ந்துவிட்டது. ஆகவே அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போடாமல், வாக்கியத்தில் யார் யாருடைய வீட்டில் இருக்கிறார் என்று பாருங்கள். பெண்பாலில் மட்டும் வேறுபாடு தெளிவாகத் தெரியும்: வந்தவர் பெண் என்றால் ‘உய்ன் ஓத்’ (‘உய்ன்’ என்பது பெண்பாலுக்கு வரும் ‘ஒரு’), உபசரிப்பவர் பெண் என்றால் ‘ஓத்தெஸ்’. விமானத்தில் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிற பெண்ணுக்கும் பிரெஞ்சில் ஓத்தெஸ் என்றுதான் பெயர்.